பச்சோந்தியை மதுரைக்குக் கொண்டுபோன நாள்

பச்சோந்தியை எப்படித் தூக்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. பருந்து வருகிறது என்று நினைத்துக் கறுத்துப்போகும். வயிற்றுக்குக் கீழே விரலை நீட்டி, அசையாமல் காத்திருக்க வேண்டும். அதுவாக ஒரு காலை எடுத்து விரலில் வைக்கும். பிறகு யோசிக்கும். பிறகு இன்னொரு காலை வைக்கும். நான்கு காலும் வந்து சேர்வதற்குள் அடுப்பில் ஒரு உலை கொதித்துவிடும். கைக்குழந்தை விரலைப் பிடிப்பது போலத்தான் பிடிக்கும், ஆனால் சில்லென்று இருக்கும்.

பத்து வயதில் இதைத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வாழ்க்கையில் எதற்கும் பயன்படவில்லை. என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்களில் நீங்கள் நாலைந்து பேர்தான் மிச்சம். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டால் நீங்கள் கேட்பதுண்டு, "ஒன் தம்பிக்குக் கால் அப்படி ஆனது அந்த ஓணானாலதானே?" என்று. நானும் தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். ஓணான் இல்லை, பச்சோந்தி. தம்பி போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்பா அம்மா என்றைக்கோ போனவர்கள். இனிமேல் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அதனால் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டில் என் அப்பா கார் ஓட்டினார். எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கண்மாய்க்குக் கீழே வயல் பார்த்தவர்கள். அப்பா ஒருவர்தான் ஏர் பிடிக்காமல் ஸ்டியரிங் பிடித்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்க்காமல் போடமாட்டார்.

அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காது. அவ்வளவு பெரிய வீட்டில் அந்தக் கோடையில் இருந்தது ஆச்சியும் அவர் மகனும்தான், வேலைக்காரர்களை விட்டால். ஆச்சி என்றதும் வயதானவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டுப் பெண்களைக் கல்யாணமான மறுநாளிலிருந்து ஊர் அப்படித்தான் கூப்பிடும். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கணவர் மலேயாவில். மூன்று வருடமாக வரவில்லை, கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மகன் ஏதோ மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். லீவுக்கு வந்தால் ஊரில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது.

தோட்டக்காரர் முருங்கை மரத்தில் பச்சோந்தியைப் பார்த்து, அடித்துப்போடுவதற்காகக் கிளையோடு ஒடித்துக்கொண்டு வந்தார். அது தூரத்தில் இருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று அவர் நம்பினார். அந்த வீட்டுப் பையன் குறுக்கே விழுந்து அழுதான். மகன் அழுதால் ஆச்சிக்குத் தாங்காது. சரி, வைத்துக்கொள் என்றுவிட்டார். ஆனால் அவனுக்கு அதைத் தொடப் பயம். வீட்டில் வேறு யாரும் அருகிலேயே போகவில்லை. அப்பாவோடு பூப்பறிக்கப் போயிருந்த நான்தான் விரலை நீட்டினேன்.

அதிலிருந்து தினமும் போனேன். இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகப் பூப் போட்டிருக்கும். எந்த நிறத்தில் விட்டால் அந்த நிறமாக மாறும் என்கிறார்களே, பார்ப்போம் என்று அதை அந்தப் பூக்களின் மேல் விட்டுவிட்டு இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு காத்திருப்போம். மாறாது. பயந்தால் கறுக்கும், தூங்கினால் வெளுக்கும், அவ்வளவுதான். ஒரு கண் என்னைப் பார்க்கும், இன்னொரு கண் அவனைப் பார்க்கும். வேலியோரம் நான் வெட்டுக்கிளி பிடித்து வருவேன். நாக்கு எப்போது போனது எப்போது வந்தது என்று தெரியாது, வெட்டுக்கிளி இருக்காது. அவன் கைதட்டிச் சிரிப்பான். வெறும் வயிற்றோடு போகிற என்னை ஆச்சி உட்காரவைத்து இட்லி கொடுக்கச் சொல்வார். அந்த வயதில் வேறென்ன வேண்டும்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. ஒரு நாள் மத்தியானம் காய்ச்சல் வந்தது. மறுநாளும் விடவில்லை. கழுத்தைத் தொட்டால் அழுதான், தூக்கினால் அழுதான். நான் அந்த இரண்டு நாளும் பெரிய வீட்டுக்குப் போகாமல் அவன் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னாள்:

"புள்ள ஒடம்பு கொதிக்குது. ஆச்சிகிட்ட வண்டியக் கேளுங்க. காரக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்."

"கேக்குறேன்."

"கேக்குறேன்னு சொல்லிட்டு அங்க போயி வாய மூடிட்டு நிக்காதீக."

"கேக்குறேன்னு சொல்றேன்ல." சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது. எங்கள் தெருவுக்குள் அந்தக் கார் வந்ததே இல்லை. அம்மா தம்பியைத் துண்டால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டைச் சாத்திவிட்டு, செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அப்பா காரைவிட்டு இறங்கினார். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வா, ஆச்சி ஒன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாக," என்றார்.

நடந்தது இதுதான். இரண்டு நாளாக நான் போகாததால் பச்சோந்திக்கு இரை போடவில்லை. அன்று காலையில் அந்தப் பையனே ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து, கையில் வைத்துக் கொடுக்கப் பயந்து, தையல் நூலில் கட்டி ஆட்டியிருக்கிறான். பச்சோந்தி நூலோடு விழுங்கிவிட்டது. அவன் பயந்துபோய் நூலை இழுத்துவிட்டான். நாக்கு வெளியே தொங்கியது, உள்ளே போகவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தபோது வீடே வாசலில் நின்றது. பையன் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தான். மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காரை எடுங்கள், உங்கள் மகள் கைக்குத்தான் அது அடங்கும், அவளையும் கூட்டி வாருங்கள் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது என்று அப்பா நினைத்திருப்பார்.

அம்மா கேட்டாள், "அதே காரக்குடிக்குத்தான போகுது? முன்னால ஒரு ஓரமா நானும் புள்ளையும் ஒக்காந்துக்கிறோம்."

"காய்ச்சக்காரப் புள்ளைய அவுக மகன் இருக்குற வண்டியில எப்புடி ஏத்துறது? நீயே சொல்லு."

"வாயத் தொறந்து கேட்டீகளா, இல்லையா?"

"போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துருவேன். வந்ததும் ஆச்சிய எறக்கி விட்டுட்டு நேரா இங்குட்டுத்தான் வருவேன். நீ இப்புடியே ரெடியா இரு."

நான் காரில் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா அதே இடத்தில் நின்றாள். தம்பியின் ஒரு கை துண்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் காருக்குள் அதற்கு முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. பெட்ரோல் வாசனையும் சூடான ரெக்சின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. தெருப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பச்சோந்தியைக் கொண்டுபோக ஆச்சி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். தகரம் சுடும், வழுக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. சீர் வரிசைக்கு வைக்கிற பனையோலைக் கொட்டான் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார்கள். மூடி போட்டது, விளிம்பில் சிவப்பும் பச்சையும் முடைந்தது. முருங்கைக் குச்சி ஒன்றை ஒடித்து அதற்குள் குறுக்காக இறுக்கி நிறுத்தினேன். அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டேன். நூலை விரல் நீளம் விட்டுக் கத்தரித்தேன். பச்சோந்தி கரியாகக் கறுத்திருந்தது. விரலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நாக்கு அதன் வாயோரத்தில் இளஞ்சிவப்பாக, நைந்த நாடா போலத் தொங்கியது. கடைசியில் ஏறிக்கொண்டது. குச்சிக்கு மாற்றி, மூடியை முழுதும் சாத்தாமல் மேலே மெல்லிய துண்டைப் போட்டேன். வெளிச்சம் குறைந்தால் பயம் குறையும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பின்சீட்டில் ஆச்சி, பையன், நடுவில் நான், என் மடியில் கொட்டான். "மெதுவாப் போங்க டிரைவரு, குலுங்கப் போகுது," என்றார் ஆச்சி. அப்பா அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. மாட்டு வண்டிகூட எங்களைத் தாண்டியது.

காரைக்குடி மாட்டாஸ்பத்திரியில் காளைகளும் ஆடுகளும் நின்றிருந்தன. கார் வந்து நின்றதும் வழிவிட்டார்கள். கொட்டானைத் திறந்ததும் நாலு பேர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்.

"நூல் வயித்துக்குள்ள போயிருக்கு. நாக்கு வீங்கியிருக்கு. எனக்கு இதுல பழக்கம் இல்லம்மா. கைய வச்சுக் கெடுத்துடக் கூடாது. மதுரையில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார், மிருகக்காட்சி சாலையில வேலை பார்த்தவர். சீட்டு எழுதித் தர்றேன், இன்னைக்கே கொண்டு போங்க."

பிறகு கொட்டானுக்குள் இருந்த குச்சியையும் ஈரத்துணியையும் பார்த்தார். "இத யார் செஞ்சது?"

பையன் என்னைக் காட்டினான்.

"நல்லா செஞ்சிருக்க பாப்பா. இப்படியே மடியிலயே வச்சுக்க. வெயில் படவிடாத. துணி காஞ்சா நனைச்சுப் போடு. அதத் தட்டி எழுப்பாத. நீ இல்லேன்னா இது மதுரை போய்ச் சேராது."

என்னை அதுவரை யாரும் எதற்கும் புகழ்ந்ததில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

வெளியே வந்ததும் காரில் ஏறுவதற்கு முன்னால் ஆச்சி அப்பாவிடம் கேட்டார்: "மதுரைன்னா வர சாயங்காலம் ஆயிரும். ஒங்களுக்கு வீட்டுல ஜோலி எதுவும் இருக்கா டிரைவரு? இருந்தாச் சொல்லுங்க."

அவர் கேட்டது நிஜம். என் காதால் கேட்டேன். அப்பா கார்க் கதவின் கைப்பிடியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். பத்து வயதுப் பெண் அப்பாவை மீறிப் பேசக் கூடாது என்பதெல்லாம் பிறகு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். நான் பேசாததற்குக் காரணம், மதுரையைப் பார்க்க வேண்டும், நான் இல்லாவிட்டால் இது போய்ச் சேராது. நான் கொட்டானைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"போகலாம் ஆச்சி," என்றார் அப்பா.

திருப்பத்தூர் தாண்டியதும் அனல் காற்று. பித்தளைக் கூஜாத் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்துப் போட்டேன். வெயில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்க ஜன்னலில் ஆச்சி தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேலூருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, காரைக்குடியில் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு கொடுத்தார். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா பசிக்கவில்லை என்று தள்ளிப்போய் நின்றார். "கூச்சப்படுறாக," என்றார் ஆச்சி.

மதுரையில் பாலத்தின் மேல் போகும்போது கோபுரம் தெரிந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் துணி காயப்போட்டிருந்தார்கள். எல்லாம் நினைவிருக்கிறது. அந்த டாக்டர் சீனித் தண்ணீரில் பஞ்சை நனைத்து அந்த நாக்கைச் சுற்றி வைத்தார். வீக்கம் கண்ணெதிரே வடிந்தது. நூலை இழுக்காமல் எவ்வளவு உள்ளே முடியுமோ அங்கே வெட்டினார். மிச்சம் தானாக வெளியே போய்விடும் என்றார். பிறகு எண்ணெய் தொட்ட விரலால் நாக்கை மெல்லத் தள்ள, அது உள்ளே போய் வாய் மூடிக்கொண்டது. பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். ஆச்சி அழுதார். அப்பா வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தோம். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. உச்சிவரை வாசலிலேயே நின்றுவிட்டு, பிறகு தம்பியைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருக் கம்பவுண்டரிடம் போயிருக்கிறாள். ஊரில் டாக்டர் கிடையாது. எந்தக் காய்ச்சலுக்கும் அவர் ஊசிதான். வலது தொடையில் ஊசி போட்ட இடத்தில் சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். தம்பி ஒன்றுக்குப் போவதற்காக எழுந்து நின்றான். நின்றதும் உட்கார்ந்துவிட்டான். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். மறுபடி எழுந்தான், மறுபடி விழுந்தான்.

"அக்கா, நான் எந்திரிச்சிட்டேன். காலுதான் இன்னும் எந்திரிக்கல," என்றான்.

காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில்தான் போனார்கள். இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அம்மா அவனோடு அங்கே ஒரு வாரம் தங்கினாள். திரும்பி வந்த அன்று ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார், முதல் தடவையாக. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சொல்லலை நீக? அன்னைக்கு நான் கேட்டேன்ல? அதே வண்டியில புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருப்பேனே," என்று அப்பாவைக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யாக அழவில்லை.

ஆச்சி அப்படிக் கூட்டிப் போயிருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. காய்ச்சல் குழந்தையைத் தன் மகனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பாரா? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அப்பா கேட்காததால் ஆச்சி கடைசிவரை நல்லவராகவே இருந்துவிட்டார்.

அன்று ஆச்சிக்கு முன்னால்தான் அம்மா முதன்முதலாக அதைச் சொன்னாள். அப்பாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஓணானுக்கு வைத்தியம் பாக்க மதுர வரைக்கும் போக வண்டி இருந்துச்சு. பெத்த புள்ளைக்கு இல்ல."

பையனுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. போகும்போது பச்சோந்தியை என்னிடம் கொடுத்துவிடச் சொல்லியிருந்தான். அதே கொட்டானில் வைத்து அப்பா கொண்டுவந்தார். அம்மா வாசல் தாண்டவிடவில்லை. நான் எடுத்துப்போய் ரோட்டோரப் புளியமரத்தில் விட்டேன். வேலிக்குள்ளே, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து விட்டிருக்கலாம். அவ்வளவு தூரம் நடக்க மனமில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பார்த்தேன். யாரோ கல்லால் அடித்து ரோட்டில் போட்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்து ஒட்டியிருந்தது. தாண்டிப் போய்விட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்பா அந்த வீட்டில் தொடர்ந்து கார் ஓட்டினார். வேறு என்ன செய்வது? சட்டைக்குக் கஞ்சி போடுவது மட்டும் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போகக் காரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆச்சி சொல்லிவிட்டிருந்தார். அம்மா அதில் கால் வைக்க மறுத்துவிட்டாள். சாப்பாடு போடும்போது, தம்பியைக் குளிப்பாட்டும்போது, மழை பெய்தால், விருந்தாள் வந்தால், அந்த ஓணான் பேச்சு வந்துவிடும். தம்பி அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தான். ஏழெட்டு வயதுக்குமேல் அப்பா தூக்க வந்தால் கையைத் தட்டிவிடுவான். அப்பா சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினால், வலது தொடையைக் கையால் ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை நடந்தே போவான். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவார். பத்தடி இடைவெளி இருக்கும்.

தம்பிக்குப் பதினாலு வயதானபோது இரும்புப் பட்டை வைத்த செருப்புக்கு அளவெடுக்க மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். எனக்கு இருபது வயது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தம்பி உள்ளே அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு டாக்டர் என்னிடம் பழைய கதையைக் கேட்டு எழுதினார்.

"காய்ச்சல் இருந்தப்ப ஊசி ஏதாவது போட்டாங்களா?"

"ஊர்க் கம்பவுண்டர் போட்டாரு."

"எந்தக் கால்ல?"

"வலது கால்ல."

பேனாவை மூடி வைத்தார். "நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகுது. இந்தக் காய்ச்சல் இருக்கிறப்ப எந்தக் கால்ல ஊசி போடுறாங்களோ, அந்தக் கால் போயிடுது. ஊசி போடாம படுக்க வச்சிருந்தா ஒருவேளை தப்பிச்சிருக்கலாம்."

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தா?"

"வந்தாலும் இதுக்கு மருந்து கிடையாதும்மா. அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை."

பஸ்ஸில் தம்பி என் தோளில் சாய்ந்து தூங்கினான். மேலூர், திருப்பத்தூர் எல்லாம் ஜன்னலில் போயின. கார் கிடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்பா ஒரு தப்பும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. வீட்டுக்குள் நுழைந்து இதை ஒரே ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் அப்பா தலைநிமிர்ந்துவிடுவார். ஆனால் அடுத்த வார்த்தை அம்மாவின் தலையில் விழும். உச்சிவெயிலில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள். துணியை விலக்கித் தொடையைக் காட்டியது அவள். அதைத் தெரிந்துகொண்டால் கிணற்றில் விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு பேரில் ஒருவர்தான் சுமக்க வேண்டும் என்றால், பழகியவரே சுமக்கட்டும் என்று முடிவு செய்தேன். இருபது வயதில் நான் எடுத்த முடிவு. பெரிய புத்திசாலி என்று வேறு என்னை நினைத்துக்கொண்டேன்.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்று அப்பா கேட்டார்.

"செருப்பு அடுத்த மாசம் தருவாகளாம்," என்றேன்.

மூன்று வருடம் கழித்து அப்பா போனார். காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அரியக்குடியில் வாக்கப்பட்டிருந்த எனக்குச் சேதி வந்து, நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தம்பி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். அழவில்லை.

கருமாதி முடிந்து உறவெல்லாம் போன பிறகு, அடுப்படியில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"ஊசி போட்ட காலுதான் போச்சு."

"யாரும்மா சொன்னா?"

"காரக்குடி ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா. தங்கியிருந்தோம்ல, அந்த வாரமே. காய்ச்சலோட ஊசி போட்டியா, எந்தக் கால்லன்னு கேட்டா. சொன்னேன். அவ மொகம் போன போக்குலயே தெரிஞ்சுபோச்சு. அப்பறம் வாயத் தொறந்தும் சொன்னா."

"அப்ப மொதல்லருந்தே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா இத்தன வருசமா அப்பாவ அப்புடிப் பேசுன?"

அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். பிறகு சொன்னாள்: "என்னையவே நான் திட்டிக்கிட்டுக் கெடந்தா, மறுநா காலையில எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சிருக்க முடியுமாடி? ஒரு ஆளு வேணும்ல. ஒங்கப்பா தாங்குவாருன்னு நெனச்சேன்."

டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டிய ஆளும் இல்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மூன்று வருடம் வாயை மூடியிருந்தேன். அவளுக்குத் தெரிந்த ஒன்றை அவளிடமிருந்து மறைத்து, அப்பாவை அப்படியே போகவிட்டேன்.

வாசலில் தம்பி வருகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான்.

"என்ன பேசிக்கிட்டிருந்தீக?"

"அப்பாவைப் பத்தித்தான்," என்றேன்.

"அந்த மனுசனைப் பத்திப் பேச என்ன இருக்கு," என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். அம்மா தலையைத் தூக்கவில்லை. நானும் அவனைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை.